கடைமடைக் குளிர்

ஊட்டிக்குக் கம்பெனி டூர் போனபோது
பஸ் கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கையில் வாங்கியது.
முந்நூற்று நாற்பது ரூபாய்.
கறுப்பு உறையில் முழங்கால் உயரக் குச்சி.
"பனியில பூக்கும், பெருசா வளராது,
சின்ன வீட்டுக்கு ஏத்தது" என்றான் நர்சரிக்காரன்.
எந்த ஊர் என்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

நாகப்பட்டினம், வெளிப்பாளையம்.
கொல்லையில் இரண்டு முழம் தோண்டினால் சிப்பி வரும்.
சிக்கல் பக்கம் வாய்க்கால் தூர்வாரியபோது
நாலு சாக்கு வண்டல் அள்ளிவந்து நட்டேன்.

அமிர்தவல்லி மதில்மேல் கைவைத்துக் கேட்டாள்:
"காய்க்குமா?"
காய்க்காது.
"நிழலாவது?"
சின்ன மரம்.
"பேரு என்ன சொன்ன?"
செர்ரி.
"தேங்காய் பன்னுல செவப்பா செருகியிருக்குமே?"
அது களாக்காய், சாயம் போட்டது.
"அப்ப செர்ரி காய்க்காது,
காய்க்கிறது செர்ரி இல்ல"
என்றுவிட்டு உலையைப் பார்க்கப் போனாள்.

இரண்டு மார்கழி போயிற்று.
பூவை விடுங்கள், பழுத்த இலையைக்கூட
அது கைவிடவில்லை.
குளிர்ந்தால்தான் தூங்குமாம்.
தூங்கி எழுந்தால்தான் பூக்குமாம்.
எங்களுக்கு வரும் குளிரோ
விடியலில் இரண்டு மணி நேரம்,
தலையில் ஒரு துண்டு சுற்றினால் தீர்ந்தது.
மேட்டூரில் திறக்கிற தண்ணீர்
மதகு மதகாய் மெலிந்து
எங்களிடம் கணுக்கால் நனைய வருகிற மாதிரி
வடக்கே யாரோ திறந்துவிட்ட குளிரும்
வழியெல்லாம் பாய்ந்து
மிச்சம்தான் வந்து சேரும்.
குளிருக்கும் நாங்கள் கடைமடை.

ஆனால் நான் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள்.
படகுக்கு இத்தனை பார், வேனுக்கு இத்தனை பார்.
உடைந்த துண்டுக்குக் கணக்கில்லை.
ஜபருல்லா அதை உமியில் புரட்டி
சாக்கில் கட்டி ஸ்கூட்டியில் வைப்பார்.
எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை.
சாயங்காலம் வேரைச் சுற்றிப் பரப்புவேன்.
மீன்வாடைக்கு நாலு பூனை வந்து
ஐஸை நக்கிப் பார்த்து
ஏமாந்து உட்காரும்.
"ஒரு ஏசி போட்டுடு அதுக்கு"
என்பார் வீட்டுக்காரர், ஓடாத ஃபேனைப் பார்த்தபடி.

மூன்றாம் வருஷம் கார்த்திகையில் புயல்.
கம்பெனித் தகரம் பறந்தது.
எட்டு நாள் கரண்ட் இல்லை.
நூற்றுப் பன்னிரண்டு பாரும்
அச்சிலேயே தண்ணீராயின.
நஷ்டம் என்று ஒரே வரியில் எழுதினேன்.
வாழை நாலும் படுத்துவிட்டன, முருங்கை இரண்டாய்.
செர்ரி மட்டும் நின்றது,
உப்புக்காற்று உருவிய குச்சியாய்,
பேருக்கு ஓர் இலை இல்லாமல்.
பிடுங்கிப் போட நேரமில்லை.
மதில் விழுந்த இடத்தில் அடுப்பு மூட்டி
அமிர்தவல்லியும் நானும்
இரண்டு வீட்டுக்கும் ஒரே சோறு வடித்தோம்.
கஞ்சியை அவள் அதன் காலடியில்தான் கொட்டினாள்,
பக்கமென்று.

மார்கழி பிறந்து மூன்றாம் நாள்
"ஏய்" என்று கூப்பிட்டாள்.
ஏழு பூ.
கட்டைவிரல் நகத்தளவு,
சோப்பு கரைந்த தண்ணீரில்
சிவப்புச் சேலை ஒருமுறை முங்கி எழுந்த நிறம்.
மோந்து பார்த்தோம், இரண்டு பேரும்.
வாசனை இல்லை.
அவள் ஒன்றைப் பறித்து, வைக்கத் தோன்றாமல்
கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஐஸா, கஞ்சியா?
இலை போனதைத்தான்
குளிர் என்று நினைத்துவிட்டதோ?

இந்தக் கார்த்திகையில் புயல் இல்லை.
மதிலும் இன்னும் கட்டவில்லை.
ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கொரு பக்கம் நின்று
இலைகளைக் கிள்ளிக்கொண்டிருக்கிறோம்.
"வலிக்குமோ?" என்கிறாள்,
வெற்றிலைக் காம்பு கிள்ளுகிறவளைப் போல மெல்ல.
"புயல் இப்படியா பறிச்சுது?" என்கிறேன்.
கொஞ்சம் வேகம் கூட்டுகிறாள்.